வீட்டுவரிச் சீட்டு சொல்வதும் சொல்லாததும்

'வரி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. கோடு என்பது ஒன்று. எழுத்து என்பது ஒன்று. இசைப்பாட்டு என்பது பிறிதொன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை இப்பொருளுக்குச் சான்றாக வகுப்பில் காட்டி வருகிறோம். அரசுக்கு இறுக்கும் பொருள் என்பது மற்றொன்று. 'இறை' என்னும் சொல்லும் இத்தகையதே. கடவுள், மன்னன், குடிகள் செலுத்தும் வரி ஆகிய பொருள்களோடு, வீட்டுக் கூரையின் இறப்பையும் அச்சொல் குறிக்கும். வரிக்கும் வீட்டின் இறப்புக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலே. ஆயினும் வீட்டுவரியைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கு அத்தற்செயல் இனிக்கிறது.

கல்வெட்டைப் படியெடுத்து வரிவரியாக வாசிக்க மாணவர்க்குப் பயிற்சி அளிக்கும் நாம், அரையாண்டுதோறும் நம் வீட்டு வாயிலுக்கு வரும் ஒரு தாளை வாசிப்பதில்லை. தொகையை நோக்குகிறோம், சென்ற முறையினும் கூடுதலா என்று ஒப்பிடுகிறோம், முணுமுணுத்துக்கொண்டே செலுத்திவிட்டுச் சீட்டை அலமாரியில் பத்திரங்களோடு வைத்துவிடுகிறோம். பத்திரங்களோடு வைப்பதாலேயே அதுவும் ஒரு பத்திரம் என்னும் எண்ணம் நாளடைவில் வேரூன்றி விடுகிறது. அச்சீட்டில் எழுதியிருப்பது யாது, எழுதாமல் விட்டிருப்பது யாது என்று அறிவது வீடுடையார் அனைவர்க்கும் தேவை. பாகம் பிரிக்காத பழைய வீடுகள் மிகுந்த நம் சமுதாயத்தார்க்கு அது பெருந்தேவை. அது குறித்தே இக்கட்டுரை.

மனையிறை முதல் வீட்டுவரி வரை

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. தறி இறை, செக்கு இறை, தட்டார்ப் பாட்டம் எனத் தொழில்மேல் விதித்தவை பல. மனைமேல் விதித்த மனையிறையும் அவற்றுள் ஒன்று. ஆயினும் முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கை வாசிப்போர் ஒன்றைக் காண்பர். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றின் அளவைக் கழித்த பின்னரே இறை கட்டும் நிலம் இவ்வளவு என்று அவை கணக்கிடுகின்றன. குடியிருப்பு நத்தம் நிலவரிக்கு வெளியே நின்றது. விளைவது நிலம், வீடு விளைவதில்லை என்னும் கருத்து அதன் அடியில் இருந்தது எனலாம்.

இக்கருத்து பின்னாளில் ஒரு பெரிய போராட்டத்திற்கே காரணமாயிற்று. கிழக்கிந்தியக் கும்பினியார் 1810ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றினால் காசி முதலிய நகரங்களில் வீடுகள்மேல் வரி விதித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் காசி நகரத்தார் கடைகளை அடைத்து, தொழில்களை நிறுத்தி, வீடுகளைப் பூட்டிவிட்டு ஊர்ப்புறத்தே திரளாகக் கூடி அமர்ந்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே அமர்ந்தனர். அவர்கள் அளித்த விண்ணப்பத்தில் கண்ட வாதம் குறிப்பிடத்தக்கது. ஷரீஅத்தை நோக்கினும் சாத்திரத்தை நோக்கினும் வீடு என்பது வாழ்க்கையின் இன்றியமையாத் தேவைகளுள் ஒன்று. கடன் கொடுத்தவன்கூட அதன்மேல் கை வைப்பதில்லை. அவ்வாறிருக்க அரசு அதன்மேல் வரி கேட்பது எங்ஙனம் என்பது அவர்தம் வினா. கும்பினியார் முதலில் படைகொண்டு மிரட்டினர். பின்பு விலக்குகள் சில அளித்தனர். இறுதியில் அவ்வரியையே 1811இல் கைவிட்டனர். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை என்று அறிந்த நம் பெரியோர் சிலர் நகராட்சி வரியைப் பற்றி இன்றும் இதே வினாவை எழுப்புவதைக் கேட்கிறோம்.

விடை, அவ்வரிக்கும் இவ்வரிக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. காசியில் கேட்ட பணம் கும்பினியின் கருவூலத்துக்கு உரியது. இன்று நாம் செலுத்தும் வரி ஊருக்கு உரியது. சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், சென்னை நகருக்கென 1919ஆம் ஆண்டுச் சட்டம், ஏனைய ஊர்களுக்கென 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் என இவ்வரி படிப்படியாக உருப்பெற்றது. நிலங்கள், கட்டடங்கள் மீதான வரியை அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை மாநிலப் பட்டியலின் 49ஆம் இனமாக வைத்துள்ளது. 1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம், நகராட்சிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் அளிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டின் பழைய நகராட்சிச் சட்டங்களை விலக்கி, 1998ஆம் ஆண்டே இயற்றப்பெற்ற நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு உறங்கிய சட்டம் அது. சிற்றூர்களில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுவரி தண்டப்படுகிறது.

நிலவரியையும் வீட்டுவரியையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர். நிலவரியாகிய கிஸ்தி மாநில அரசுக்கு உரியது. பட்டாவை ஒட்டி வருவது. பசலி ஆண்டைப் பின்பற்றுவது. 1990 சூலை முதல் நாள் தொடங்கியது பசலி 1400. வீட்டுவரியோ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச்சு வரை என இரண்டு அரையாண்டாக நடப்பது. இங்கே மொழி பற்றி ஒரு சொல். வசூல், பாக்கி, கிஸ்தி, ஜப்தி, நகல், பசலி, வாரிசு ஆகியன அரபு மூலத்தன. ரசீது பாரசீக மூலத்தது. நவாபுகளின் காலத்து வருவாய்த் துறையிலிருந்து இச்சொற்கள் தமிழுக்கு வந்து, வரி கட்டும் எல்லாச் சமயத்தார் வாயிலும் இன்று தமிழாகவே வழங்குகின்றன. இவற்றுள் 'வாரிசு' என்னும் சொல்லுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

தொகை பிறக்கும் வகை

வீட்டின் விலைமேல் வரி விதிக்கிறார்கள் என்பது பலர் எண்ணம். நம் மாநில நகரங்களில் வழிவழியாக அடிப்படையாக நின்றது விலையன்று, வாடகை. அதுவும் உண்மையில் பெறும் வாடகையன்று. அவ்வீடு நியாயமாக எவ்வளவு வாடகைக்குப் போகக்கூடும் என்னும் மதிப்பு. இதற்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று பெயர். எனவே, 'நாங்கள் வாடகைக்கு விடவில்லையே, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஏன் வரி?' என்னும் கேள்வி சட்டத்தின்முன் நிற்பதில்லை. உடையவரே குடியிருந்தால் கழிவு உண்டு. கட்டடத்தின் வயதுக்கும் கழிவு உண்டு. வரியே இல்லாமற் போவதில்லை.

சென்னை மாநகராட்சியில் 1998ஆம் ஆண்டுச் சீரமைப்பில் வகுத்த முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். குடியிருப்புக்குத் தெருவின் தகுதிக்கேற்பச் சதுர அடிக்கு மாத மதிப்பு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை வைத்தனர். புதிய கட்டடம், பரப்பு 1,000 சதுர அடி, வாடகைக்கு விடப்பட்டது, தெரு மதிப்பு 1 ரூபாய் என்று கொண்டால் மாத மதிப்பு 1,000 ரூபாய் ஆகும். ஆண்டு மதிப்புக்கு இதனைப் பன்னிரண்டால் பெருக்குவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 10.92ஆல் பெருக்குவர். இவ்விந்தை எண் எங்கிருந்து வந்தது? கட்டடத்துக்கு உரிய வாடகையில் பத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கும் செலவுக்காகக் கழிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. மனைக்குப் பழுதுபார்ப்பு இல்லை. ஆகவே அக்கழிவும் இல்லை. பன்னிரண்டு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 மாதம், மனைக்கு உரியது எனத் தனியே வைப்பர். எஞ்சிய 10.8 மாதம் கட்டடத்துக்கு உரியது. அதிற் பத்தில் ஒன்றாகிய 1.08 கழிய நிற்பது 9.72. இதனோடு மனையின் 1.2 சேர 10.92. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டும் என்பதை வரிக்கணக்கும் மறக்கவில்லை என்பதற்கு இவ்வெண் அடையாளம்.

ஆக, ஆண்டு மதிப்பு 10,920 ரூபாய். இம்மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேற்படின் அரையாண்டு வரி 12.40 விழுக்காடு. தொகை 1,354 ரூபாய் 8 காசு. இதனைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பொது வரி 9 விழுக்காடு: 982 ரூபாய் 80 காசு. கல்வி வரி 2.5 விழுக்காடு: 273 ரூபாய். நூலக வரி 0.9 விழுக்காடு: 98 ரூபாய் 28 காசு.

இக்கடைசித் தொகையில் சற்றே நிற்போம். இந்தியாவில் பொது நூலகங்களுக்கெனச் சட்டம் கண்ட முதல் மாகாணம் சென்னை, ஆண்டு 1948. சீர்காழி தந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்களின் நெடுநாள் முயற்சி அதற்குப் பின்புலமாய் இருந்தது. நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு அச்சட்டம் கண்ட வழி, வீட்டுவரியோடு சேர்த்துத் தண்டுவது. தொடக்கத்தில் ரூபாய்க்கு ஆறு பைசா, அதாவது பழைய கணக்கில் அரையணா. பின்னர் உயர்ந்து ரூபாய்க்குப் பத்துக் காசாயிற்று. மேற்கண்ட வீட்டுக்காரர் அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு 196 ரூபாய் 56 காசு நூலகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததை அவர் அறிந்திருக்க மாட்டார். நம் மாணவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்துப் படிக்கும் உரைநூல்களும் நிகண்டுகளும் ஊரார் வீட்டுக் கூரைகளிலிருந்து வந்த பணத்தில் வாங்கியவை. உள்ளாட்சிகள் தண்டிய நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் ஒப்படைப்பதில்லை என்பது நூலக ஆர்வலர்தம் நெடுநாள் முறையீடு. வீட்டுவரி உயர்வை எதிர்த்துக் கூட்டம் போடுவோர் இந்நிலுவையைக் கேட்டும் ஒரு கூட்டம் போட்டால் தமிழ்த்துறையினர் அனைவரும் வந்து அமர்வோம்.

உயர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 1998க்குப் பின் 2018இல் வரி உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழவே 2019 நவம்பரில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. பிற நகராட்சிகளில் 2008இல் ஒரு சீரமைப்பு நடந்தது. அதன்பின் 2022 ஏப்ரலில் மாநிலம் முழுதும் பேருயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. பிற நகரங்களில் இதே வரிசையில் 25, 50, 75, 100. நம் எடுத்துக்காட்டு வீட்டின் அரையாண்டு வரி 1,354இலிருந்து ஏறத்தாழ 2,370 ஆயிற்று. நகர உள்ளாட்சிகளுக்கு நடுவணரசு நிதி வேண்டுமாயின், நகரங்களில் வீட்டுவரிக்குக் கீழ்வரம்பு அறிவித்து மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரியும் வளர வேண்டும் என்று 15ஆம் நிதிக்குழு நிபந்தனை வைத்தது இதற்கு ஒரு காரணம். சென்னை மாநகராட்சி 2024 செப்டம்பரில் மேலும் 6 விழுக்காடு உயர்வுக்குத் தீர்மானம் இயற்றியது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானை உவமை மேடைதோறும் வழங்கி நைந்துபோயிற்று. ஆயினும் அதில் பலர் கருதாத ஒரு கூறு உண்டு. நெல்லறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும் என்கிறார் புலவர். சிறிது சிறிதாக, முறையாக, நாள்தோறும் என்பதே அவ்வறிவுரையின் உயிர். இருபத்து நான்கு ஆண்டு ஒன்றும் செய்யாது இருந்துவிட்டு ஒரே நாளில் இருமடங்காக்குவது யானையைப் பட்டினி போட்டுப் பின்பு வயலில் இறக்கிவிடுவது போன்றது. உயர்வே கூடாது என்பாரோடு நாம் உடன்படவில்லை. உயர்த்திய முறை சரியன்று என்பதே நம் கருத்து. இவ்வரியின் மற்றொரு குறை, அது வீட்டின் மதிப்பை அறியுமேயன்றி வீட்டாரின் வருவாயை அறியாது. பெரிய தெருவில் முன்னோர் கட்டிய பெருவீட்டில் தனித்து வாழும் கைம்பெண்ணுக்கும், அடுத்த வீட்டு வணிகர்க்கும் ஒரே கணக்குத்தான்.

அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் செலுத்தினால் 5 விழுக்காடு, 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். கணினி வழியாகவும் செலுத்தலாம். இவற்றைப் பலரும் அறிவர்.

பள்ளிவாசலும் பள்ளிவாசலின் கடைகளும்

ஜமாஅத் நிர்வாகிகள் அடிக்கடி கேட்கும் ஒன்று வரிவிலக்குப் பற்றியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் பொது வழிபாட்டிடங்கள், வாடகை வாங்காத சத்திரங்கள், கல்விக்குப் பயன்படும் கட்டடங்கள், பொது நூலகங்கள், அறநிலை மருத்துவமனைகள், அடக்கத்தலங்கள், சுடுகாடுகள் முதலியவற்றுக்கு விலக்கு அளித்திருந்தது. இவ்விலக்கின் அடிப்படை உடைமையன்று, பயன்பாடு. தொழுகை நடக்கும் இடத்துக்கு வரி இல்லை. அதே மனையில் தெருவை நோக்கிக் கட்டி வாடகைக்கு விட்ட கடைகளுக்கு வரி உண்டு. கடை வாடகை முழுதும் பள்ளிவாசலுக்கே செலவாகிறது என்பது அறமாக இருக்கலாம்; வரிவிலக்குக்குக் காரணமாகாது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் இதே நெறிதான். மேலும், வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அச்சட்டம் விலக்குக் கொடுக்கவில்லை. வாடகை பெறுபவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா! கல்விக் கட்டடங்களுக்கான விலக்கும் இன்று பழைய அளவில் இல்லை. 2022 உயர்வில் தற்பொருளாக்கக் கல்வி நிலையங்களுக்கெனத் தனி விழுக்காடே வகுக்கப்பட்டது. வக்ஃபுச் சொத்தின் கடைகளுக்கு வரி நிலுவை சேர்ந்தால் அதன் சுமை வக்ஃபின் மேலேயே விழும்.

சீட்டில் இருக்கும் பெயர்

இனி, தலையாய பகுதிக்கு வருவோம். சீட்டின் மேற்பகுதியில் வரிவிதிப்பு எண்ணை அடுத்து ஒரு பெயர் இருக்கும். பல வீடுகளில் அது மறைந்தவர் ஒருவரின் பெயர். பாட்டனார் காலமாகி முப்பதாண்டு ஆகியும் அவர் பெயரிலேயே வரி கட்டி வருவதை ஒரு மரியாதையாகவே சிலர் கருதுகின்றனர். பணம் வாங்குவோர் செலுத்துபவர் யார் என்று கேட்பதில்லை. எண் சரியாயிருந்தால் போதும். ஆதலால் இப்பழக்கம் தடையின்றி நடக்கிறது.

இப்பெயர் எதற்குச் சான்று? அந்த வீட்டுக்கு உரிய வரியை யாரிடம் கேட்பது என்பதற்கு மட்டுமே சான்று. பதிவேட்டில் பெயர் மாற்றுவது உரிமையை உண்டாக்குவதுமில்லை, இருக்கும் உரிமையை அழிப்பதுமில்லை என்று 1996இல் நிலவரிப் பதிவேடு பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. வீட்டுவரிப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும். உரிமை பத்திரத்தினாலும் வாரிசு நெறியினாலும் வருவது. வரிச்சீட்டு அனுபோகத்துக்கு ஒரு துணைச்சான்று ஆகலாம். அதற்கு மேல் அன்று.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒருவர் வீடு ஒன்றை விட்டுக் காலமாகிறார். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உளர். நம் நெறிப்படி அவர் மறைந்த அந்நொடியிலேயே நால்வரும் தத்தம் பங்குக்கு உடையவர் ஆகின்றனர். பாகப் பத்திரம் எழுதும்வரை காத்திருப்பதில்லை. வீட்டை 32 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 4 பங்கு. எஞ்சிய 28இல் மகனுக்கு 14. மகள் ஒவ்வொருவர்க்கும் 7. தாயும் இரு மகள்களும் சேர்ந்தால் 18 பங்கு, பாதிக்கும் மேல். ஆனால் சில ஆண்டு கழித்து வரிச்சீட்டைப் பாருங்கள். அதில் மகனின் பெயர் மட்டும் இருக்கும். 'வரி கட்டுவதற்குத்தானே, யார் பெயர் இருந்தால் என்ன' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பர். சகோதரிகளும் மனமுவந்து இட்டிருப்பர். அடுத்த தலைமுறையில் பேரப்பிள்ளைகள் அச்சீட்டை எடுத்துக் காட்டி, 'வீடு எங்கள் வாப்பா பெயரில் இருக்கிறது' என்பர். மூத்தம்மாவின் 4 பங்கும் மாமிமாரின் 14 பங்கும் எங்கே போயின என்று கேட்பார் இல்லை.

சட்டம் இதனை ஏற்பதில்லை. உடன்பங்காளர் ஒருவர் வீட்டை வைத்திருப்பது மற்றவர்க்காகவும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும் என்பது 1957 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லி வரும் நெறி. வரி முழுதையும் தாமே செலுத்தி வந்த மகன், சகோதரிகளின் பங்குக்குரிய வரியை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். வீட்டையே தமதென்று கூறலாகாது. ஆயினும் நம் பெண்மக்களில் எத்தனை பேர் நீதிமன்றம் செல்வர்? உடன்பிறந்தாரோடு வழக்காடுவது பழி என்று அஞ்சி, சீட்டில் பெயர் இல்லாததையே தமக்கு உரிமை இல்லாததற்குச் சான்றாகக் கொண்டு அமைதி கொள்வர். மார்க்கம் அளந்து கொடுத்த பங்கை வரித்தண்டலரின் பேரேடு விழுங்கிவிடுகிறது. பேரேட்டின் மேல் குற்றமில்லை; அது பங்கு கணக்கு எழுதும் ஏடே அன்று.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு மணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஹிபா என்னும் நன்கொடை வாய்மொழியாலும் நிறைவேறும். கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், சுவாதீனம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிகழ்ந்தால் போதும், எழுத்தில் இருந்தாலும் அதற்குப் பதிவு கட்டாயமன்று என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பின்னாளில் வழக்கு எழுந்தால், மூன்றாவதாகிய ஒப்படைப்பை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? இங்கேதான் வரிச்சீட்டுக்குப் பயன் வருகிறது. கொடுத்த ஆண்டிலேயே மகள் பெயருக்கு வரி மாற்றப்பட்டு, அவர் பெயரிலேயே செலுத்தியும் வந்திருந்தால் அச்சீட்டுகள் அவர்தம் அனுபோகத்துக்குத் துணை நிற்கும். வாயால் கொடுத்துவிட்டு வரியைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்ட தந்தையர் தம் மக்களுக்குத் தீராத வழக்கையும் சேர்த்தே கொடுத்தவர் ஆவர்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் காலவரையும் வைத்திருந்தது. வீடு கைமாறினால் மூன்று மாதத்திற்குள் கொடுத்தவரும் பெற்றவரும் அறிவிக்க வேண்டும். உடையவர் காலமானால் ஓராண்டிற்குள் வாரிசுகள் அறிவிக்க வேண்டும். விற்றவர் அறிவிக்கத் தவறினால் வரிப்பொறுப்பு அவரை விட்டு நீங்காது. வரி நிலுவை அவ்வீட்டின் மீதே முதற்பொறுப்பாக நிற்கும் என்றும் அச்சட்டம் கூறிற்று. வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து அமையாமல், கடைசி அரையாண்டு வரையிலான வரிச்சீட்டையும் கேட்டு வாங்குவது இதனாலேயே.

பெயர் சரியாக இல்லாததன் தீங்கு பங்கோடு நில்லாமல் தொகையையும் தொடும். வரி உயர்த்தப்படும்போது அறிவிப்பு வரும். அதன்மேல் மறுப்புத் தெரிவிக்கவும் மேல்முறையீடு செய்யவும் வரம்புக்குட்பட்ட காலம் உண்டு. பார்க்க வேண்டியவை சில: பரப்பளவு சரியாக அளக்கப்பட்டுள்ளதா, குடியிருப்பு வணிகக் கட்டடம் என்று எழுதப்பட்டுள்ளதா, உடையவர் குடியிருக்க, வாடகை வீடு என்று குறித்துள்ளனரா, கட்டிய ஆண்டு என்ன. முன் அறையில் இருந்த தையற்கடையை மூடிப் பத்தாண்டு ஆகியும் வணிக வரியே செலுத்தி வரும் வீடுகள் உண்டு. ஆனால் அறிவிப்பு யார் பெயருக்கு வருகிறதோ அவரே மறுப்புக்கு உரியவர். அவர் அடக்கத்தலத்தில் இருக்கிறார். பேரனின் விண்ணப்பத்தைப் பார்த்து அலுவலர் கேட்கும் முதற்கேள்வி, 'இவர் உங்களுக்கு என்ன வேண்டும், அதற்குச் சான்று எங்கே' என்பதாகத்தான் இருக்கும். அச்சான்றைத் தேடி முடிப்பதற்குள் மறுப்புக்காலம் கடந்துவிடும்.

செய்யத்தக்கது கடினமானதன்று. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரத்தின் நகல், நிலுவையின்றி வரி செலுத்திய சீட்டு ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் பெயர் மாற்றம் கிடைக்கும். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் உண்டோ அத்தனை பெயரையும் வரிப் பதிவேட்டில் எழுதுமாறு கேட்கலாம். ஒருவர் பெயரையே எழுத வேண்டும் என்னும் கட்டாயமில்லை. வீட்டைப் பிரித்துக்கொண்டவர்கள் பாகப் பத்திரத்தைக் காட்டித் தனித்தனி வரிவிதிப்பு எண் பெறலாம். பிரிக்காதவர்கள் ஒரே எண்ணில் நால்வர் பெயரோடு இருக்கலாம். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் அரையாண்டு வரி 2,370 ரூபாயானால், மனைவியின் பங்குக்கு ஏறத்தாழ 296, மகள் ஒவ்வொருவர்க்கும் 518, மகனுக்கு 1,037. யார் கட்டினாலும் சீட்டின் பின்புறத்தில் இக்கணக்கை எழுதி வைக்கலாம்.